படிவத்தில் இல்லாத கட்டம்

மிஸ்ஸி என் நெஞ்சில் ஐந்து பொட்டு வைத்தாள்.
ஜில்லென்ற பசைப் பொட்டு.
பொட்டுக்கொரு ஒயர்,
ஒயரெல்லாம் இடுப்பில் தொங்கும்
தீப்பெட்டி அளவுப் பெட்டிக்கு.
நாளைக்கு இதே நேரம்வரை குளிக்கக்கூடாது என்றாள்.
ஒரு தாளும் தந்தாள். மூன்று கட்டம்:
மணி. செய்த வேலை. நெஞ்சில் என்ன உணர்வு.

அழுத்தம் இருக்கா?
இருக்கு என்றேன்.
தம்பி மனைவிக்கு இது எப்போதோ தெரியும்.
பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு காதுகுத்தில்
பந்தியில் வைத்தே சொன்னாள்:
நெஞ்சழுத்தக்காரி.
அன்று கை கழுவி எழுந்தவள்தான்.

11.20. பஸ். ஒன்றுமில்லை.
1.00. பசியாறியது. நேற்றைய சோறு. ஒன்றுமில்லை.
3.30. துணி மடித்தேன். ஒன்றுமில்லை.
5.10. போன் வந்தது. கடன் வேண்டுமா என்றது ஒரு குரல்.
வேண்டாம் என்றேன்.
மிஸ்ஸிக்குப் பிறகு
அன்று நான் பேசிய ஒரே சொல்.
அதற்குக் கட்டம் இல்லை.

இருபத்தாறு வருஷம் பாயான் லெப்பாஸில்
பூதக்கண்ணாடிக்குக் கீழே
அரிசியிலும் சிறிய சில்லுகளைப் பார்ப்பவள் நான்.
ஒரு கால் லேசாய் வளைந்திருந்தாலும்
எடுத்துச் சிவப்புத் தட்டில் போடுவேன்.
கை பழகிவிட்டது.
வீட்டிலும் பழகிவிட்டது.

ரொட்டி வாங்கக் கீழே இறங்கித் திரும்புகையில்
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்
லிப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.
உள்ளே நானும்,
லங்சாட் பையோடு ஒரு சீனத்தியும்.
அபாய மணியை அமுக்கினால்
அது எங்களைவிட ஊமை.

கெய்க் எங் என்றாள் பெயர்.
இருவருக்கும் பொதுவாய் இருந்தது ஓட்டை மலாய்.
என் சட்டைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த ஒயரைக் காட்டி
என்ன இது, வெடிகுண்டா என்றாள்.
நெஞ்சு என்றேன்.
எனக்கு உள்ளே ரெண்டு ஸ்ப்ரிங் போட்டிருக்கு என்றாள்,
காதில் தோடு போட்டதைச் சொல்வதுபோல.
தரையில் உட்கார்ந்துவிட்டோம்.
தன் வாஷிங் மெஷின் நடக்குமாம்.
பிழியத் தொடங்கினால் குளியலறையிலிருந்து
சமையலறை வாசல்வரை வருமாம்,
பசித்த புருஷன் மாதிரி.
சிரித்தேன்.
என் சிரிப்பு இவ்வளவு கரகரப்பா என்றிருந்தது.
எழுத வேண்டுமே என்று தாளை எடுத்தால்
விரலெல்லாம் லங்சாட் பால்,
பேனா ஒட்டிக்கொண்டது.
விட்டுவிட்டேன்.

மறுநாள் டாக்டர் அஸ்லினா
திரையில் என் இரவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.
தூக்கத்திலும் ஓடியிருக்கிறது,
யாரோ துரத்துவதுபோல.
பிறகு விரல் நின்றது.
இங்கே மட்டும் அடங்கியிருக்கே.
7.52 முதல் 8.09 வரை.
தாளில் காலியா விட்டிருக்கீங்க. படுத்திருந்தீங்களா?
லிப்ட் கெட்டுப்போச்சு என்றேன்.
பயமா இல்லையா?
யோசித்தேன்.
ஒரு ஆள் இருந்தாங்க.

அவள் உடனே எதுவும் சொல்லவில்லை.
பதினேழு நிமிஷத்தை வைத்து
எதையும் முடிவு கட்ட முடியாது என்றாள்.
மாத்திரையை மாற்றவில்லை.
பேச்சுத்துணைக்கு யார் இருக்கா என்று மட்டும் கேட்டு,
பதிலுக்குக் காத்திருந்தாள்,
மருந்தின் பெயர் கேட்டவள்போல.

ஜெலுத்தோங் சந்தையில் ஒரு கிலோ லங்சாட் வாங்கினேன்.
லிப்ட் சரியாகியிருந்தது,
எனக்கு அது கொஞ்சம் வருத்தம்.
பதினொன்றை அமுக்குகிற விரலை
ஏழுக்கு இறக்கினேன்.

நீள வராந்தா. ஒன்பது கதவு.
எந்தக் கதவென்று கேட்டுக்கொள்ளாமல் விட்டிருக்கிறேன்.
திரும்பிவிடலாம் என்று
பாதி திரும்பியும்விட்டேன்.
அப்போதுதான் கேட்டது,
எங்கோ கனமாய் ஏதோ தரையில் இடித்து இடித்து
நடந்து வருகிற சத்தம்.
ஒவ்வொரு கதவாய்க் காது வைத்துப் போனேன்.
நாலாவதில் பலமாய் இருந்தது.
தடதட.
அது கதவுக்கு அந்தப் பக்கமா
இந்தப் பக்கமா என்று
கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.
பை கனத்தது.
கை மாற்றிக்கொண்டு தட்டினேன்.